மடல் சென்ற வழி: அஞ்சற் குறிப்பேட்டின் வரலாறு

வெளிமாநிலங்களில் வாழ்கின்ற தமிழர்க்குக் கடிதத்தின் அருமையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிழைப்பை நாடி வந்து குடியமர்ந்த தலைமுறைகள், தபாற்காரர் வரும் வேளையைக் கொண்டே பகற்பொழுதைக் கணக்கிட்ட காலம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து கடிதம் வாராத வாரத்தில் நமக்கு இரண்டு ஐயங்கள் எழுவதுண்டு. அவர்கள் எழுதவே இல்லையா என்பது ஒன்று. எழுதிய கடிதம் வழியில் தவறிப் போயிற்றா என்பது மற்றொன்று. முதல் ஐயம் மனத்தைப் பற்றியது. அதற்கு விடை காண்பது அரிது. இரண்டாவது ஐயமோ ஏட்டைப் பற்றியது. கடிதம் சென்ற வழியை யாரேனும் குறித்து வைத்திருந்தால் அதற்கு விடை உண்டு. குறித்து வைக்கவில்லையெனில் இல்லை.

இன்று நம் வீட்டுக் கடிதங்களில் பெரும்பாலானவை காகிதத்தை விட்டு நீங்கிவிட்டன. மின்னஞ்சல் என்னும் சாதனம் வேலைக்கு மனுச் செய்வது முதல் ஓய்வூதியத்துக்கு எழுதுவது வரை எல்லாவற்றையும் தன்பால் இழுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது ஐயம் மட்டும் நீங்கவில்லை. “அனுப்பினேன்” என்கிறார் ஒருவர். “வந்து சேரவில்லை” என்கிறார் மற்றொருவர். இவ்விருவருக்கும் நடுவே நின்று உண்மையைக் கூறவல்ல சாட்சி ஒன்று உண்டு. அதுதான் அஞ்சற் சர்வர் என்னும் கணிப்பொறி, தான் வாங்கிய மடலையும் கொடுத்த மடலையும் பற்றி ஒவ்வொரு கணமும் எழுதிவைக்கும் குறிப்பேடு. அக்குறிப்பேடு எவ்வாறு தோன்றியது, பின்னர் அது எவ்வாறு தரவுத்தளம் என்று வழங்கும் டேட்டாபேஸுக்குள் குடியேறியது என்பதை இங்கே காண்போம்.

மடலை எடுத்துச் செல்வது ஒரு தொழில். அது சென்றதைக் குறித்துவைப்பது வேறொரு தொழில். முதலாவது மிகப் பழமையானது. 1333-ஆம் ஆண்டில் இந்தியாவின் வாயிலை அடைந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, டில்லிச் சுல்தானின் குதிரைத் தபாலையும் காற்தபாலையும் நேரிற் கண்டு எழுதியுள்ளார். மணி கட்டிய கோலை ஏந்தி ஓடிவரும் ஓட்டக்காரன் அடுத்த சாவடியை நெருங்கும்பொழுதே, மணியோசை கேட்டு அங்குள்ளவன் ஆயத்தமாய் நிற்பானாம். குதிரையைவிடக் காற்தபாலே விரைவானது என்பது அவர் கூற்று. வேகம் இருந்தது, ஒழுங்கும் இருந்தது. ஆயினும் எந்தச் சாவடியில் எவ்வளவு நேரம் ஒரு மடல் தங்கிற்று என்பதை அந்த மடலைப் பார்த்து அறிய இயலாது.

அந்தக் குறையை நீக்க ஓர் எளிய வழியைக் கண்டவர் இங்கிலாந்தின் தபால் தலைவராயிருந்த ஹென்றி பிஷப் என்பவர். கடிதங்கள் தாமதமாக வருகின்றன என்று மக்கள் முறையிட்டதன் பேரில், 1661-ஆம் ஆண்டில், கடிதம் தபால் நிலையத்துக்கு வந்த நாளையும் மாதத்தையும் அதன் மீதே முத்திரையிடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். சிறு வட்டம், அதன் நடுவே ஒரு கோடு, மேலும் கீழும் நாளும் மாதமும். அவ்வளவே. ஆனால் அன்று முதல், கடிதத்தைச் சுமப்பவன் அதைத் தன் பையில் நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, “நேற்றுத்தான் வந்தது” என்று கூற முடியாமற் போயிற்று.

நம் நாட்டில் 1854-ஆம் ஆண்டில், தூரம் எவ்வளவாயினும் ஒரே கட்டணம் என்ற முறை வந்தது. அரை அணாவில் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஒரு கடிதம் செல்லலாயிற்று. பின்னர்ப் பதிவுத் தபால் நம் வீடுகளில் தனி மதிப்புப் பெற்றது. வாங்கும் ஒவ்வொருவரும் கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஒவ்வொருவரும் ரசீது பெற்றுச் செல்லும் அந்த முறையில், கடிதம் காணாமற் போனாலும் அது எந்தக் கைக்கு வந்தபின் காணாமற் போயிற்று என்பது காணாமற் போகாது. 2025-ஆம் ஆண்டில் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. ஆயினும் ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் அதைப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்திய நம் பெற்றோரின் கையை நாம் மறப்பதற்கில்லை.

இந்தப் பழைய முறைகளிலிருந்து மூன்று படிப்பினைகளைத் திரட்டிக்கொள்ளலாம். குறிப்பை எழுதுபவர் கடிதத்தை அனுப்பியவராக இருத்தலாகாது. அதைக் கையாண்டவராக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கை மாறும்பொழுதும் நேரம் குறிக்கப்படுதல் வேண்டும். கடிதம் போய்விட்ட பின்னும் குறிப்பு அங்கேயே தங்குதல் வேண்டும். மின்னஞ்சலின் வரலாறு, இம்மூன்றையும் மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து கற்ற வரலாறே ஆகும்.

1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையில், ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி விட்டுச்செல்லும் கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது. அதை எழுதியவர்கள் டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் என்னும் இருவர். அங்கே மடல் ஊர் விட்டு ஊர் போகவில்லை. ஒரே வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்றது. 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் அர்ப்பாநெட் என்ற வலையமைப்பின் வழியாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். பெயரையும் இடத்தையும் பிரித்துக்காட்ட இன்று உலகமே வழங்கும் ‘அட்’ குறியைத் தேர்ந்தவரும் அவரே. அந்த இரண்டு கணிப்பொறிகளும் ஒரே அறையில் அருகருகே நின்றவை. மடல் வந்து சேர்ந்ததா என்று அறிய அவருக்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை. எழுந்து சென்று பார்த்தாற் போதும்.

எழுந்து சென்று பார்க்க இயலாத தூரம் வந்தபொழுதுதான் குறிப்பேட்டின் தேவை எழுந்தது. அந்தக் கதை கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கின்றது. அதைக் கூறுமுன் தரவுத்தளத்தைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும்.

1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருந்தொகையான விவரங்களை எவ்வாறு சேமித்துவைத்தால் பின்னர் எந்தக் கேள்விக்கும் விடை பெறலாம் என்பது அதன் பொருள். விவரங்களை வரிசையும் நிரலுமாக அட்டவணைகளில் எழுதுக. ஓர் அட்டவணைக்கும் மற்றோர் அட்டவணைக்கும் உள்ள உறவைப் பொதுவான ஓர் எண்ணால் காட்டுக. எங்கே வைத்தோம் என்று தேடுவதை விட்டு, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்க என்பது அவர் காட்டிய நெறி. தாலுகாக் கச்சேரியில் பட்டாப் புத்தகத்தையும் வரிப் பேரேட்டையும் புல எண்ணால் இணைத்துப் பார்க்கும் கணக்கருக்கு இது புதுமையன்று. ஆனால் கணிப்பொறிக்கு அன்று அது புதுமை. 1974-ஆம் ஆண்டில் டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் ஆகிய இருவர், அவ்வாறு கேள்வி கேட்பதற்கென்றே ஒரு மொழியை வகுத்தனர். இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குவது அம்மொழியின் வழிவந்ததே.

காட்டின் நெறியைச் செயலில் நிறுவிக்காட்ட முயன்ற இடங்களுள் ஒன்று பெர்க்கிலி. அங்கே மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் நடத்திய ஆராய்ச்சிக்கு இங்கிரெஸ் என்று பெயர். அந்த ஆராய்ச்சிக்குரிய கணிப்பொறிக்கு அர்ப்பாநெட் இணைப்பு இருந்தது. பல்கலைக்கழகத்தில் மற்றவர் பலருக்கும் அந்த இணைப்பின்மீது ஆசை; எல்லோரும் அந்த ஒரே கணிப்பொறியில் இடம் கேட்டனர். அங்கே பணியாற்றிய எரிக் ஆல்மன் என்னும் இளைஞர், இவர்கள் உண்மையில் விரும்புவது கணிப்பொறியை அன்று, கடிதத்தையே என்று கண்டார். ஆட்கள் இங்கே வருவதற்குப் பதிலாக மடல்கள் அவர்களிடம் செல்லட்டும் என்று எண்ணி, ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்கு மடலை மாற்றியனுப்பும் நிரல் ஒன்றை எழுதினார். டெலிவர்மெயில் என்ற அந்நிரலே வளர்ந்து சென்ட்மெயில் என்ற பெயரோடு 1983-ஆம் ஆண்டில் பெர்க்கிலி யூனிக்ஸின் வெளியீட்டில் இடம்பெற்றது; பின்னர்ப் பல்லாண்டுகள் உலகின் மடல்களில் பெரும்பகுதியைச் சுமந்தது.

மடல்கள் பெருகியவுடன் தொல்லைகளும் பெருகின. வலைகள் பல, முகவரி எழுதும் முறைகள் பல, ஒன்று தவறினால் எங்கே தவறிற்று என்று கண்டறிய வழியில்லை. ஆகவே ஆல்மன், சென்ட்மெயிலுக்குத் துணையாக சிஸ்லாக் என்ற மற்றொரு சிறு கருவியை அமைத்தார். நிரல்கள் ஒவ்வொன்றும் தத்தம் ஏட்டைத் தனியே எழுதாமல், ஒரே எழுத்தரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் நேரமிட்டு, யார் சொன்னார் என்பதையும் எவ்வளவு அவசரமானது என்பதையும் குறித்து, உரிய ஏட்டில் எழுதுவார். இதுவே அதன் அமைப்பு. அவசரத்துக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். சொல்பவர்க்கும் எண் உண்டு. இயக்க முறைமையின் உட்கருவுக்கு 0, பயனாளரின் நிரல்களுக்கு 1, அஞ்சலுக்கு 2. அஞ்சலுக்காகப் பிறந்த இந்த எழுத்தர், பின்னாளில் கணிப்பொறி உலகம் முழுவதற்கும் எழுத்தரானார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

அவ்வெழுத்தர் எழுதுவது என்ன? இதை அறிய, சர்வர்கள் தம்முள் பேசிக்கொள்ளும் முறையைச் சற்றே அறிய வேண்டும். 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் அம்முறையை விதியாக வகுத்து வெளியிட்டார். அவ்விதியின்படி நடக்கும் உரையாடல், இரண்டு தபால் குமாஸ்தாக்களின் பேச்சைப் போன்றது. முதற்கண் ஒருவர் தம் பெயரைக் கூறி வணங்குகிறார். பின்னர், “இன்னாரிடமிருந்து ஒரு மடல்” என்கிறார். “இன்னாருக்கு” என்கிறார். “இதோ மடல்” என்று கொடுக்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் மற்றவர் மூன்று இலக்க எண் ஒன்றால் விடையிறுக்கிறார். 250 என்றால் ஏற்றுக்கொண்டோம் என்பது பொருள். நான்கில் தொடங்கும் எண் ‘இப்பொழுது இயலாது, பின்னர் வருக’ என்பது. ஐந்தில் தொடங்கும் எண் ‘இயலவே இயலாது’ என்பது. 250 என்று கூறிவிட்ட சர்வர் அம்மடலுக்குப் பொறுப்பேற்கின்றது. அதை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். இயலாவிடில் அனுப்பியவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். ‘பின்னர் வருக’ என்று விடை வந்தால், மடலை வரிசையில் நிறுத்திவைத்து மீண்டும் மீண்டும் முயல வேண்டும். சென்ட்மெயிலின் வழக்கப்படி ஐந்து நாட்கள் முயன்ற பின்னரே அது கைவிடப்படும்.

இத்தனையும் ஏட்டில் ஏறுகின்றது. மடல் உள்ளே வந்தவுடன் அதற்கு ஒரு வரிசை எண் கிடைக்கின்றது. அனுப்பியவர் முகவரி, அளவு, பெறுவோரின் தொகை ஆகியவை ஒரு வரி. பெறுவோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு வரி: எந்தச் சர்வரிடம் கொடுத்தோம், எவ்வளவு நேரம் தாமதம், அது என்ன விடை சொன்னது என்பன. மடலின் உள்ளே எழுதியிருப்பது ஏட்டில் ஏறுவதில்லை. உறையின் புறத்தே தெரிவன மட்டுமே ஏறும்.

குறிப்பேட்டின் மதிப்பை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று அதே பெர்க்கிலி மலையில் நிகழ்ந்தது. 1986-ஆம் ஆண்டில் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்டு ஸ்டோல் என்னும் வானியலாளர் கணிப்பொறிப் பணிக்கு மாற்றப்பட்டார். கணிப்பொறியைப் பயன்படுத்தியதற்கான கணக்கில் 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. துருவிச் சென்றபொழுது, முன்பின் அறியாத ஒருவர் உள்ளே புகுந்திருப்பது தெரிந்தது. மடல்களை இடம் மாற்றும் ஒரு சிறு நிரலில் இருந்த ஓட்டையே அவர் நுழைந்த வழி. அந்நியர் தம் தடயத்தை அழிக்க வல்லவர் என்று உணர்ந்த ஸ்டோல், அவர் கைக்கு எட்டாத அச்சுப்பொறிகளை இணைப்புகளில் பொருத்தி, அவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் பதித்தார். தேடல் முடிந்த இடம் ஜெர்மனியின் ஹானோவர் நகரம். அங்கிருந்தோர் சோவியத் உளவுத்துறைக்குச் செய்தி விற்றவர்கள் என்பது வெளிப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1988 நவம்பர் 2-ஆம் நாள், வலையெங்கும் பரவிய ‘மாரிஸ் புழு’ நுழைந்த வாயில்களுள் சென்ட்மெயிலின் ஒரு பிழையும் ஒன்று. வீட்டுக்குள் புகுந்த கள்வன் முதலில் எரிப்பது கணக்கேட்டையே. ஆதலின் கணக்கேடு வேறு வீட்டில் இருத்தல் வேண்டும் என்ற பாடத்தை அக்காலம் கற்பித்தது.

ஏட்டிலும் குறைகள் இருந்தன. சிஸ்லாக் எழுதிய வரியில் மாதமும் நாளும் நேரமும் இருந்தன, ஆண்டு இல்லை! அரசனின் ஆட்சியாண்டை மட்டும் கூறிச் சகாப்தத்தைக் கூறாமல் விட்ட கல்வெட்டைப் படிக்கும் ஆராய்ச்சியாளரின் இடர்ப்பாடு, பழைய அஞ்சல் ஏட்டைப் படிப்பவருக்கும் நேர்ந்தது. எந்த நாட்டு நேரம் என்பதும் அதில் இல்லை. 2001-ஆம் ஆண்டு வரை அம்முறைக்கு எழுத்தில் அமைந்த விளக்கமே கிடையாது. 2009-ஆம் ஆண்டில் வந்த விதியே ஆண்டையும் நேர மண்டலத்தையும் முறைப்படுத்திற்று. மேலும், பல்லாயிரம் மடல்கள் ஒரே வேளையில் செல்லும்பொழுது ஒரு மடலின் கதை ஒரே இடத்தில் இராது. அதன் முதல் வரி ஓரிடத்தில். ஆயிரம் வரிகளுக்கு அப்பால் இரண்டாம் வரி. மறுநாள் ஏட்டில் மூன்றாம் வரி. வட்டு நிரம்பிவிடும் என்று அஞ்சிப் பழைய ஏடுகளைச் சில வாரங்களில் அழிப்பதும் வழக்கம்.

இந்நிலையில்தான் இரண்டு வரலாறுகளும் ஒன்று கூடின. தொண்ணூறுகளில் விலையின்றிக் கிடைக்கும் தரவுத்தளங்கள் தோன்றின. 1995-ஆம் ஆண்டில் மைஎஸ்க்யூஎல் வந்தது. இங்கிரெஸுக்குப் பின் ஸ்டோன்பிரேக்கர் பெர்க்கிலியில் 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ், 1996-ஆம் ஆண்டு முதல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற பெயரில் உலாவலாயிற்று. அஞ்சற் சர்வர்களிலும் புதியன வந்தன: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் எழுதிய எக்ஸிம், டச்சு நாட்டு இயற்பியலாளர் வீட்ஸெ வெனமா ஐ.பி.எம். நிறுவனத்தில் எழுதி 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ். 2004-ஆம் ஆண்டில் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் ஆர்சிஸ்லாக் என்ற புதிய எழுத்தரை உருவாக்கினார். ஏட்டுக்குப் பதிலாக நேரே தரவுத்தளத்தில் எழுதும் ஆற்றல் அதற்குத் தொடக்கத்திலேயே இருந்தது. தரவுத்தள ஆராய்ச்சியின் வீட்டிலே பிறந்த அஞ்சற் குறிப்பேடு, சுமார் இருபது ஆண்டுகள் வெளியே அலைந்து, மீண்டும் தரவுத்தளத்திலேயே வந்து குடிபுகுந்தது எனலாம்.

அங்கே குறிப்பு எவ்வாறு அமைகின்றது? மடலுக்கு ஓர் அட்டவணை: வரிசை எண், வந்த நேரம், அனுப்பியவர், அளவு. பெறுவோருக்கு மற்றோர் அட்டவணை: அதே வரிசை எண், பெறுவோர் முகவரி, முயன்ற நேரம், எதிர்ச் சர்வரின் விடை. இரண்டையும் வரிசை எண் இணைக்கின்றது. சர்வர் வரிசை எண்ணை நாளடைவில் வேறொரு மடலுக்கு மீண்டும் கொடுத்துவிடுவதுண்டு. ஆதலின் எண்ணோடு நாளையும் சேர்த்தே இணைத்தல் நன்று. இவ்வாறு அமைத்தபின், “இன்ன நாளில் இன்னாருக்குச் சென்றவை யாவை?” என்று ஒரே கேள்வி கேட்டால் விடை நொடியில் வரும். ஒரே பயனாளரின் பெயரில் நள்ளிரவில் பல்லாயிரம் மடல்கள் வெளியேறினால், அவர் கடவுச்சொல் களவு போயிற்று என்பதும் அப்பொழுதே தெரியும்.

ஆயினும் இதில் எச்சரிக்கைகள் உண்டு. தரவுத்தளம் பழுதுற்றாலும் மடல் நிற்கலாகாது. பேரேட்டுக்காரர் விடுப்பில் சென்றார் என்பதற்காகத் தபாலாபீஸை மூடுவாருண்டோ? ஆகவே குறிப்பை முதலில் ஒரு வரிசையிலோ ஏட்டிலோ எழுதி, பின்னர்த் தரவுத்தளத்தில் ஏற்றுவதே முறை. மற்றொன்று, மடலின் முகவரியை எழுதுபவர் முன்பின் அறியாத எவரோ ஒருவர். முகவரியின் இடத்தில் தரவுத்தளத்துக்குரிய கட்டளையையே தந்திரமாக எழுதி அனுப்புவோரும் உளர். வந்ததை அப்படியே கட்டளையோடு ஒட்டி எழுதினால் ஏடு முழுவதும் அழிந்துபோகக்கூடும். பிறர் சொல்லைச் சொல்லாகவே வைக்க வேண்டும், ஆணையாக்கிவிடலாகாது.

இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மோடு ஒப்பந்த முறையில் பணியாற்றிய இளைஞர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஓர் அறிவிப்பின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை மாலை வேறோர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். ஆறு வாரங்கள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தமிழாக்கம் வந்து சேரவே இல்லை, தாமதத்துக்கு விளக்கம் தேவை என்று. அந்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய மாதம். “நான் அனுப்பினேன் சார், இதோ பாருங்கள்” என்று தம் கணிப்பொறியில் அனுப்பியவற்றின் பட்டியலைத் திறந்து காட்டினார். அவர் கை நடுங்கிற்று. ஆனால் அது அவரே எழுதிய சாட்சி. எதிர்த்தரப்பு அதை ஏற்கவில்லை.

அவரை அழைத்துக்கொண்டு சர்வர் அறைக்குச் சென்றோம். பொறுப்பாளர் நாளையும் முகவரியையும் மட்டுமே கேட்டார். “கோப்பாக வைத்திருந்தால் நான்கு வாரத்தில் அழிந்திருக்கும், தரவுத்தளத்தில் இருப்பதால் பிழைத்தீர்கள்” என்று கூறிக்கொண்டே கேள்வியைத் தட்டினார். மூன்று வரிகள் வந்தன. மாலை 5.42-க்கு மடல் நம் சர்வரை அடைந்தது. அதே நிமிடத்தில் முதல் முயற்சி. ‘பின்னர் வருக’ என்பது விடை. 6.13-க்கு இரண்டாம் முயற்சி, விடை 250, கூடவே, எதிர்ச் சர்வர் அம்மடலுக்கு இட்ட வரிசை எண். அந்த எண்ணை எழுதி அனுப்பினோம். மறுநாள் மடல் அகப்பட்டது. வேண்டா மடல்கள் ஒதுக்கப்படும் பெட்டியில் ஆறு வாரமாக அது கிடந்திருந்தது. எவரும் பொய் கூறவில்லை. அவர்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவே. இளைஞரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி குறிப்பேட்டின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும். மடல் அந்த வீட்டின் வாயிலைக் கடந்தது என்பதற்கே அது சாட்சி. வீட்டுக்காரர் அதைப் படித்தார் என்பதற்கன்று. நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே கோடு கிழிக்கின்றது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, பெறுவோர் இதற்கெனக் குறித்துக் காட்டிய கணிப்பொறி அமைப்புக்குள் மின்னணு ஆவணம் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரமாகும். நுழைந்த நேரத்தைக் கூற வல்லது குறிப்பேடன்றி வேறு எது?

அதனாலேயே குறிப்பேட்டின் நேரம் பிசகாதிருத்தல் வேண்டும். 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் இந்தியக் கணினி அவசரகால உதவிக் குழு வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தம் கணிப்பொறி அமைப்புகளின் குறிப்புகளை 180 நாட்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும், தேசிய தகவலியல் மையம் அல்லது டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் நேரத்தோடு தம் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்றும் விதித்தது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, இத்தகைய மின்னணுக் குறிப்புகள் எவ்வகைச் சான்றிதழோடு நீதிமன்றத்தில் ஏற்கப்படும் என்பதைக் கூறுகின்றது.

ஆனால், காக்கும் ஏடே அச்சுறுத்தும் ஏடாகவும் மாறலாம் என்பதை மறத்தலாகாது. உறையின் புறத்தே எழுதியிருப்பது மட்டுந்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஒருவர் எந்த மருத்துவருக்கு எழுதினார், எந்த வழக்கறிஞருக்கு நள்ளிரவில் எழுதினார், எவருக்கு எழுதுவதை எந்த மாதத்தில் நிறுத்தினார் என்று அடுக்கிப் பார்த்தால், மடலைப் பிரியாமலே மனத்தைப் படித்துவிடலாம். கோப்பில் சிதறிக் கிடந்தபொழுது அத்தேடல் கடினம். தரவுத்தளத்தில் அது ஒரே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய குறிப்புகளைக் கட்டாயமாகச் சேமிக்குமாறு 2006-ஆம் ஆண்டில் விதித்தது. அவ்வொன்றியத்தின் நீதிமன்றமே 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் அவ்விதி செல்லாது எனத் தீர்த்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உரைத்தது. ஆகவே தேவையானதை மட்டும் எழுதுதல், தேவையான காலம் வரை மட்டும் வைத்தல், யார் அதைப் பார்த்தார் என்பதையும் குறித்து வைத்தல் ஆகிய மூன்றும் ஏட்டுக்காரரின் கடமைகளாகும்.

நாம் அனைவரும் ஊரை விட்டு வந்தவர்கள். நம் உறவு, உத்தியோகம், உரிமை எல்லாமே ஏதோ ஒரு மடலின் நூலில் தொங்குகின்றன. அம்மடலைச் சுமந்து செல்பவரை நாம் அறியோம். பழைய நாளில் அவர் முகமாவது தெரிந்திருந்தது. இன்று அந்த முகத்தின் இடத்தில் இருப்பது, எங்கோ குளிரூட்டிய அறையில் ஓர் இயந்திரம் எழுதும் ஒற்றை வரிதான். மனு சேரவில்லை என்று எவரேனும் கூறினால் மனம் தளர வேண்டாம். அனுப்பிய நாளையும் நேரத்தையும் முகவரியையும் தெளிவாக எழுதி, சர்வரின் குறிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று காலம் தாழ்த்தாமற் கேளுங்கள்; ஏடுகளுக்கும் ஆயுள் உண்டு. 1661-ஆம் ஆண்டில் ஒரு சிறு வட்ட முத்திரை எளியவருக்கு அளித்த பாதுகாப்பை, இன்று அந்த ஒற்றை வரி அளிக்கின்றது. கேட்பவருக்கே அது கிடைக்கும்.